பாலைவனத் தூசி கடல் தாண்டி வருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

அடுத்த கேள்வி பூம்பாறைல இருந்து ஒரு தம்பி அனுப்பிருக்காரு. "அண்ணா, மார்ச் ஆச்சுன்னா கொடைக்கானல் பக்கம் எதிர்மலையே தெரியல, இது அரேபியா பாலைவனத் தூசின்னு வாட்ஸ்அப்ல சுத்துது, நெசமா? கடலுக்கு மேல வர்ற தூசிய எப்படித்தான் ஃபாலோ பண்றாங்க?"

தம்பி, அங்கருந்து தூசி அரபிக்கடல் தாண்டி வர்றது நெசந்தான், 2012 மார்ச்ல மும்பை வரைக்கும் வந்துச்சு. ஆனா நம்ம மலைல மார்ச்னா காட்டுத்தீ சீசனும் கூட, அதனால மங்கலா இருக்குன்ன உடனே அரேபியா மேல பழி போட்ற முடியாது.

சாட்டிலைட் போட்டோல கடல் கருநீலமா இருக்கும், அதுக்கு மேல தூசி பழுப்பா இழுத்து விட்டாப்ல தெரியும், பகல்ல இது போதும், ராத்திரிக்கு இன்ஃப்ராரெட், அதுல கலர் மாத்திப் போடுற படத்துல தூசி மட்டும் ரோஸ் கலர்ல நிக்கும். சரி, அது எவ்வளவு உயரத்துல போகுது? அங்கதான் லேசர் வருது. கலிப்சோன்னு ஒரு சாட்டிலைட், 2006ல விட்டாங்க, 2023 வரைக்கும் வேலை செஞ்சுச்சு, மேல இருந்து பச்சை லேசர கீழ அடிச்சிட்டே போகும், மலை உச்சில நின்னு கத்துனா எதிரொலி எவ்வளவு நேரத்துல வருதுன்னு வச்சு தூரம் சொல்லுவோம்ல, அதே கணக்குதான். எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொன்னு. தூசி கோணல்மாணலா இருக்கறதால லேசர் ஒளியோட அதிர்வுத் திசையையே மாத்தித் திருப்பி அனுப்பும், புகைத்துகளும் ஈரமான கடல் உப்பும் கிட்டத்தட்ட உருண்டையா இருக்கறதால அந்த அளவுக்கு மாத்தாது. ஆக தூசியா புகையான்னு வானத்துல இருந்தே பிரிச்சிடலாம்!

இத வச்சுத்தான் 2007ல இருந்து 2013 வரைக்கும் அளந்து பாத்தாங்க, சகாராவுல இருந்து வருஷத்துக்கு சராசரியா 18 கோடி டன் தூசி அட்லாண்டிக் பக்கம் கிளம்புது, அதுல ரெண்டே முக்கால் கோடி டன் அமேசான் காட்டுல விழுது, கூடவே 22,000 டன் பாஸ்பரஸும். காசு வாங்காத உரம்.

தரைலயும் பாக்குறாங்க. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருக்கற பார்படாஸ் தீவுல 1965ல இருந்தே காத்தை வடிகட்டிப் பிடிக்கிறாங்க, தூசி வர்ற நாள்ல அந்த ஃபில்டர் செங்கல்பொடி தூவுனாப்ல இருக்கும்.

உங்க ஊர் விஷயத்துக்கு வர்றேன். அடுத்த தடவை மங்கலா இருந்தா, அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் அரபிக்கடல் மேல எடுத்த சாட்டிலைட் படம் நெட்ல ஃப்ரீயாவே இருக்கு, எடுத்துப் பாருங்க. மேகம் இல்லாம கடல் கிளியரா இருந்துச்சுன்னா வாட்ஸ்அப்ப மூடிட்டு, கீழ எந்தக் காடு எரியுதுன்னு விசாரிங்க. சரி, அடுத்தது யாரு...