பேச்சைக் கேட்கவில்லையாம், அப்புறம் என்ன கவலை?

2013 ஜூன். அமெரிக்காவின் ரகசிய நீதிமன்றம் ஒன்று போட்ட உத்தரவை ‘தி கார்டியன்’ நாளிதழ் வெளியிட்டது. தொலைபேசி நிறுவனமான வெரைசான், தன்னிடம் பதிவாகும் அழைப்பு விவரங்களை அன்றன்றைக்கே தேசியப் பாதுகாப்பு முகமையான என்.எஸ்.ஏ.விடம் கொடுத்துவிட வேண்டும். சந்தேகப்படும் ஆட்களுடையது மட்டுமல்ல, எல்லோருடையதும்.

விஷயம் வெடித்ததும் அதிபர் ஒபாமா, உங்கள் பேச்சை யாரும் கேட்கவில்லை என்று சமாதானம் சொன்னார். இந்தத் திட்டத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான். யார் யாரை அழைத்தார், எப்போது, எவ்வளவு நேரம் என்ற பட்டியல்தான் போனது. அந்தப் பட்டியல் எப்படி இருக்கும்? ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம்.

(திரையில் வரிகள் ஒவ்வொன்றாக)
இரவு 11.40: ஒரு நிருபரின் எண். 7 நிமிடம்.
மறுநாள் காலை 9.05: ஒரு வக்கீல். 25 நிமிடம்.
அன்று மாலை: மீண்டும் அதே நிருபர். 1 நிமிடம்.

ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. ஆனாலும் அந்த வாரம் செய்தியில் வந்த ஊழலை வெளியே சொன்னது யார் என்று ஊகிக்க இது போதும். பேச்சைக் கேட்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும். பட்டியலைக் கணினி நொடியில் அலசிவிடும். அதனால்தான் இது ஒட்டுக்கேட்பதைவிட ஆபத்தானது என்கிறேன்.

இன்னொன்று. சந்தேக எண் ஒன்று கிடைத்தால், அதிலிருந்து மூன்று கட்டம் வரை தொடர்புகளைத் தேட அப்போது அனுமதி இருந்தது. ஆளுக்கு 100 பேரிடம் பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் 100 பேர். அடுத்து 10,000. மூன்றாவதில் 10 லட்சம் பேர்!

சரி, நாட்டுக்குப் பாதுகாப்பாவது கிடைத்ததா? பயங்கரவாதத்தைத் தடுக்க உளவு தேவை, அதில் மறுப்பில்லை. ஆனால் ரகசிய ஆவணங்களையும் பார்த்து ஆராய்ந்த அமெரிக்க அரசின் தனியுரிமை மேற்பார்வை வாரியம், 2014 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது: அமெரிக்காவுக்கு வந்த எந்த அச்சுறுத்தலிலும், இந்தத் திட்டத்தால் விசாரணையின் முடிவு மாறியதாக ஒரு சம்பவத்தைக்கூடக் காண முடியவில்லை.

2015 மே மாதம், இப்படி அள்ளுவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூனில் புதுச் சட்டம் வந்தது. நவம்பர் இறுதியில் மொத்தமாக அள்ளுவது நின்றது.

வழக்கு, விவாதம், சட்டம் எல்லாம் வேகம் பிடித்தது என்.எஸ்.ஏ.வில் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் அந்த உத்தரவை வெளியே கொண்டுவந்த பிறகுதான். இல்லாவிட்டால் மக்களுக்கு எப்போது தெரிந்திருக்கும்? ரகசியம் விலக வேண்டிய தேதி அந்த உத்தரவிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது: 2038 ஏப்ரல் 12.