முற்றுமா, சுபமா? – 'முற்றும்' அணியிலிருந்து

நடுவர் அவர்களே, வணக்கம். கதை முடிகிற இடத்தில் போடத் தகுந்த சொல் 'சுபமா', 'முற்றுமா' என்பதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் வந்தார், 'முற்றும்' என்பது விளங்காத சொல், நோய் முற்றியது, சண்டை முற்றியது, முற்றின வெண்டைக்காயை யாராவது வாங்குவார்களா என்று கேட்டார், கைதட்டலையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சரி, வெண்டைக்காய்க்கே வருகிறேன். கடையில் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்து கொடுத்தால் முற்றல், குழம்புக்கு ஆகாது. ஆனால் தோட்டக்காரர் விதைக்கு எதை விடுகிறார்? பிஞ்சையா? செடியிலேயே முற்றிக் காய்ந்ததைத்தானே! முற்றுதல் என்றால் முதிர்தல், நிறைதல். ஆசிரியருக்கு அலுத்துப்போய்ப் பாதியில் கைவிட்ட தொடர்கதை நின்றுபோனதுதான், முற்றியதல்ல.

இலக்கணத்திலும் இதே கதைதான். 'வந்து' எச்சம், 'வந்த' எச்சம், 'வந்தான்' முற்று. 'வந்து... வந்து...' என்று நான் இழுத்துக்கொண்டே நின்றால் நீங்களே மணியடித்து இறக்கிவிடுவீர்கள். 'மூவேந்தரும் வந்தனர்' என்பதில் உள்ள 'உம்' முற்றும்மை, அதாவது ஒருத்தர்கூடப் பாக்கியில்லை. உம்மைக்குத் தொல்காப்பியம் சொல்லும் எட்டுப் பொருளில் இந்த முற்றும் ஒன்று. அப்புறம் வள்ளுவர், அரண் அதிகாரத்தில் 'முற்றியும் முற்றா தெறிந்தும்' என்கிறாரே, அங்கே முற்றுதல் என்பது கோட்டையைச் சுற்றி வளைப்பது. இன்றைக்கு அலுவலக வாசலில் நடக்கிற முற்றுகைப் போராட்டம் வரை அந்தப் பொருள் வந்திருக்கிறது. ஒரு பக்கம்கூட விடாமல் வளைப்பதும் ஒருத்தர்கூட விடாமல் எண்ணுவதும் எனக்கு ஒரே குணமாகத்தான் படுகிறது.

'சுபம்' வடசொல். மங்கலம், நன்மை என்று பொருள், அவ்வளவுதான். அதில் முடிவு எங்கே இருக்கிறது? சுபமுகூர்த்தம் என்று கல்யாணப் பத்திரிகையில் போடுகிறோமே, அது வாழ்க்கையின் தொடக்கமில்லையா! (முடிவு என்று முணுமுணுக்கிற கணவன்மார் சற்றுப் பொறுங்கள்.) பழைய படங்களில் காதலர்கள் சேர்ந்து, வில்லனும் திருந்தி, குடும்பமே வரிசையாக நின்று சிரிக்கும்போது திரையில் 'சுபம்' விழும், அது பொருத்தம்தான், ஒத்துக்கொள்கிறேன். நாயகியும் செத்து, நாயகனும் செத்து, வில்லன் மட்டும் உயிரோடு திரிகிற கதைக்கு அதைப் போட்டால் யாருக்கய்யா சுபம்? அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். வணக்கம்.