சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிரலை மாற்றுவது

நேயர்களுக்கு வணக்கம்.

பைதான் மொழியில் ஜாங்கோ என்ற வலைத்தளக் கட்டமைப்பை வைத்து வேலை செய்பவர்களுக்கு இது பழகிய காட்சி: ஃபைலில் ஒரு வரியை மாற்றி சேவ் செய்த கையோடு, சர்வர் தானாகவே புது நிரலோடு வந்து நிற்கும். ஆனால் அங்கே நடப்பது ரீஸ்டார்ட்தான். ஜாங்கோவோடு வரும் உருவாக்கக் கால சர்வரான ரன்சர்வர் வழக்கமாக நொடிக்கொரு முறை ஃபைல்கள் மாறியிருக்கிறதா என்று பார்க்கிறது. மாறியிருந்தால் மொத்த பிராசஸையும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே, மூடிவிட்டு மறுபடி தொடங்குகிறது.

மாறிய மாட்யூலை, அதாவது அந்த ஒரு நிரல் ஃபைலை, மட்டும் ஏற்றினால் போதாதா? பைதானில் அதற்கு 'ரீலோட்' என்ற வசதியே இருக்கிறது. சரி, பில்லிங் மாட்யூலில் வரி கணக்கிடும் ஃபங்ஷனைத் திருத்தி ரீலோட் செய்கிறோம் என்று வையுங்கள். இன்னொரு ஃபைல் அந்த ஃபங்ஷனை மட்டும் முன்பே இம்போர்ட் செய்து வைத்திருந்தால், அதன் கையில் இருப்பது பழையதுதான். ஏற்கெனவே உருவான ஆப்ஜெக்ட்களும் பழைய கிளாஸையே பிடித்துக்கொண்டிருக்கும். பாதி புதிது, பாதி பழையது. பிழை எங்கே என்று தேடியே பொழுது போய்விடும். அதனால் ஜாங்கோ எடுத்த முடிவுதான் சரி என்பேன்.

உண்மையிலேயே நிறுத்தாமல் மாற்ற வேண்டுமென்றால், மொழியை வடிவமைக்கும்போதே அதை யோசித்திருக்க வேண்டும். 1980களில் ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் பிறந்த எர்லாங் அப்படிப்பட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கான மொழி. நிரலைப் புதுப்பிக்கிறோம் என்பதற்காக, போனில் பேசிக்கொண்டிருப்பவரின் அழைப்பைத் துண்டிக்க முடியுமா? அதில் ஒரு மாட்யூலின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருக்கலாம். ஓடும் பிராசஸ் பழையதிலேயே தொடரும். மாட்யூல் பெயரையும் சேர்த்து ஒரு ஃபங்ஷனை அழைக்கும்போது புதியதற்கு மாறிவிடும். மூன்றாவது பதிப்பு ஏறினால், முதல் பதிப்பிலேயே தங்கிவிட்ட பிராசஸ்கள் நிறுத்தப்படும். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த ஏற்பாடு: கையிலிருக்கும் தரவைப் புதிய வடிவத்துக்கு மாற்றி எழுத 'கோட் சேஞ்ச்' என்று தனி இடமே ஒதுக்கியிருக்கிறார்கள்.

எர்லாங் நிரல்களை இயக்கும் இதே மெய்நிகர் இயந்திரத்தில்தான் எலிக்சிர் மொழியின் வலைத்தளக் கட்டமைப்பான ஃபீனிக்ஸும் ஓடுகிறது.

மற்றவர்களுக்கு நடைமுறை வழி, ஆளை மாற்றுவது. பைதான் வலைச் செயலிகளை இயக்கும் குனிகார்ன் சர்வருக்கு ஹப் (HUP) என்ற சிக்னல் அனுப்பினால், கோரிக்கைகளைக் கவனிக்கும் வொர்க்கர் பிராசஸ்கள் புதிதாக எழும். பழையவை கையிலிருக்கும் கோரிக்கைகளை முடித்துவிட்டு விலகும். ஆனால் நிரலை மாஸ்டரிலேயே முன்கூட்டி ஏற்றிவைக்கும் ப்ரீலோட் அமைப்பைப் போட்டிருந்தால், புதிய வொர்க்கரிலும் பழைய நிரல்தான் இருக்கும். அப்போது வொர்க்கர்களை நிர்வகிக்கும் மாஸ்டர் பிராசஸையே மாற்ற வேண்டும்.