கார்சன் மாளிகை: ஒரு காடு வீடான வரலாறு

[காட்சி: ‘எம்’ (M) தெருவிலிருந்து மாளிகையின் முகப்பு]

வணக்கம். கலிபோர்னியாவின் வடகோடிக் கடற்கரையில், ஹம்போல்ட் வளைகுடாவை ஒட்டி யுரேகா என்ற சிறுநகரம் இருக்கிறது. அங்கே ‘எம்’ (M) தெருவும் இரண்டாம் தெருவும் சந்திக்கும் இடத்தில், கோபுரமும் கூரான கூரைகளும் கடைசல் தூண்களுமாக நிற்கும் இந்த வீட்டை 1884-க்கும் 1886-க்கும் இடையில் கட்டியவர் வில்லியம் கார்சன் என்ற மர வணிகர். இதன் அழகைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். அந்த அழகு எந்த மரத்திலிருந்து, எந்தப் பணத்திலிருந்து வந்தது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில் பிறந்த கார்சன், தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்கு வந்த ஆயிரக்கணக்கானோரில் ஒருவர். சுரங்க வேலைக்கு இடையே, 1850-இல், ஹம்போல்ட் வளைகுடாப் பகுதியில் மரம் வெட்டும் வேலையில் இறங்கினார். பிறகு அதுவே அவருடைய தொழிலாயிற்று. அந்தக் கரையில் அதுவரை ஸ்புரூஸ், ஃபிர் போன்ற மரங்களையே அறுத்து விற்றுவந்தார்கள். ரெட்வுட் மரங்களின் பருமனுக்கு அன்றைய ரம்பங்கள் ஈடுகொடுக்கவில்லை. 1854-இல் கார்சன் ரெட்வுட் பலகைகளைச் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கப்பலேற்றினார். வேகமாக வளர்ந்துகொண்டிருந்த அந்த நகரத்துக்குப் பலகை எவ்வளவு வந்தாலும் போதவில்லை. யுரேகாவைச் சான் பிரான்சிஸ்கோவுடன் இணைக்கும் ரயில் பாதை 1914-இல்தான் முடிந்தது என்பதால், அதுவரை அந்தச் சரக்கு முழுவதும் கடல் வழியாகவே போயிற்று.

[காட்சி: ஸ்டீம் டான்கி இயந்திரத்தின் பழைய புகைப்படம்]

1863-இல் அவர் ஜான் டால்பீருடன் சேர்ந்து டால்பீர் அண்ட் கார்சன் நிறுவனத்தைத் தொடங்கினார். காட்டில் விழுந்த மரத்தை எருதுகளைப் பூட்டி இழுத்துவந்த காலம் அது. செங்குத்தான கொதிகலன் ஒன்றையும் நீராவியால் சுழலும் உருளை ஒன்றையும் ஒரே சட்டத்தில் பொருத்தி, உருளையில் கயிற்றைச் சுற்றி மரத்துண்டுகளை இழுக்கும் ‘ஸ்டீம் டான்கி’ இயந்திரத்தை டால்பீர் 1881-இல் உருவாக்கி, மறு ஆண்டு காப்புரிமை பெற்றார். எருதுகள் போக முடியாத சரிவுகளிலிருந்தும் இனி மரம் இறங்கும் என்ற நிலை வந்த மூன்றே ஆண்டுகளில் இந்த மாளிகையின் வேலை தொடங்கியதைத் தற்செயல் என்று என்னால் எண்ண முடியவில்லை.

வடிவமைத்தவர்கள் சான் பிரான்சிஸ்கோவின் கட்டடக் கலைஞர்களான சாமுவேல் நியூசம், ஜோசப் கேதர் நியூசம் சகோதரர்கள். கோபுரங்களும் கூரான கூரைகளும் செதுக்கு வேலையும் நிறைந்த, பத்தொன்பதாம் நூற்றாண்டின் குயின் ஆன் பாணியை அடிப்படையாக வைத்துக்கொண்டு வேறு பல பாணிகளையும் அவர்கள் தயங்காமல் கலந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள் வேலை செய்தார்கள். தொழில் மந்தமாக இருந்த காலத்தில் ஆலைத் தொழிலாளர்களுக்கு வேலை கொடுப்பதும் கார்சனின் நோக்கங்களில் ஒன்று என்று சொல்லப்படுகிறது.

[காட்சி: தாழ்வாரத் தூண்கள், மிக அருகில்]

தாழ்வாரத்தைச் சற்று அருகில் பாருங்கள். ஒவ்வொரு தூணும் வளையம் வளையமாகக் கடையப்பட்டிருக்கிறது. தூண்களுக்கு மேலே சிறு குச்சிகளை வரிசையாகக் கோத்த பட்டிகள் ஓடுகின்றன. கூரையின் முக்கோண முகப்புகளில் செதுக்கு வேலை நிறைந்திருக்கிறது. ரெட்வுட் மென்மையானது, நேரான இழை கொண்டது. அதனால் கடைசல் இயந்திரத்துக்கும் உளிக்கும் எளிதில் இணங்கும். அதன் வைரப்பகுதியில், அதாவது தண்டின் உட்புற மரத்தில் உள்ள டானின் போன்ற பொருட்கள் பூச்சியையும் பூஞ்சையையும் அண்டவிடாமல் தடுப்பதால், மூடுபனியும் மழையும் ஓயாத அந்தக் கடற்கரையிலும் அது நீண்டகாலம் தாங்குகிறது. ஆனாலும் வீட்டின் உள்வேலைகளுக்கு ரெட்வுட் மட்டும் போதும் என்று கார்சன் நினைக்கவில்லை. மத்திய அமெரிக்காவிலிருந்து பிரிமாவேரா என்ற வெளிர்நிற மரத்தையும் கப்பலில் வரவழைத்தார்.

[காட்சி: வளைகுடாவும் துலுவாட் தீவும்]

இந்தச் செழிப்பைச் சொல்லும்போது, வளைகுடாவின் நடுவே உள்ள துலுவாட் தீவைச் சொல்லாமல் கடந்துவிடக் கூடாது. இந்த மண் வியோட் என்ற பூர்வகுடி மக்களுடையது. 1860 பிப்ரவரியில், உலகைப் புதுப்பிக்கும் தங்கள் சடங்குக்காக அத்தீவில் கூடியிருந்த வியோட் மக்களைக் குடியேறிகளின் கூட்டமொன்று இரவில் தாக்கிக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோரும். யுரேகா நகரம் தன் வசமிருந்த தீவு நிலத்தை 2019-இல் வியோட் மக்களிடமே திருப்பி ஒப்படைத்தது. மர வணிகத்தின் வரலாறு எழுதப்பட்ட அளவுக்கு இந்த வரலாறு எழுதப்படவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

கார்சன் 1912-இல் காலமானார். மாளிகைக்கு எதிரே, 1889-இல் தம் மூத்த மகனுக்குத் திருமணப் பரிசாக அவர் கட்டிக்கொடுத்த ‘பிங்க் லேடி’ என்ற இளஞ்சிவப்பு வீடும் இன்றுவரை நிற்கிறது; அதுவும் நியூசம் சகோதரர்களின் வேலைதான். 1950-இல் குடும்பத்தார் மாளிகையை 35,000 டாலருக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் தொடங்கிய தனியார் சங்கத்தின் பெயர் இங்கோமார் கிளப். கார்சன் ஊரில் கட்டிய இங்கோமார் நாடக அரங்கின் நினைவாக அமைந்த பெயர் இது. பராமரிக்க ஆளில்லாமல் எத்தனையோ மரவீடுகள் அழிந்துபோன அந்த ஆண்டுகளில் இதைக் காப்பாற்றியது அந்தச் சங்கமே. அதற்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆயினும் உறுப்பினர்களும் அவர்களுடைய விருந்தினர்களும் மட்டுமே உள்ளே போக முடிகிறது. பிரிமாவேரா மரவேலைகளைப் பொதுமக்களும் காண ஆண்டுக்கு ஒரு நாளாவது கதவு திறந்தால் நன்றாக இருக்கும் என்பது என் விருப்பம். இப்போதைக்கு, தெருவில் நின்று பார்க்க எந்தத் தடையும் இல்லை.