பட்டு கிருமியைக் கொல்லுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

பட்டுக்கு இயற்கையாகவே கிருமியைக் கொல்லும் சக்தி உண்டு என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அறுவை சிகிச்சையில் பட்டை நம்பிப் பயன்படுத்த வேண்டுமானால், இந்தப் பேச்சை முதலில் உரசிப் பார்க்க வேண்டும்.

பட்டுத் தையல் நூலை எடுத்துக்கொள்வோம். கைக்கு இதமாக இருக்கும், போட்ட முடிச்சு நழுவாது. ஆனால் அது ஒற்றை இழை அல்ல, மெல்லிய இழைகள் பலவற்றைப் பின்னிய நூல். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் இழைகளின் இடுக்கு ஈரத்தை இழுக்கும். ஈரத்தோடு கிருமியும் உள்ளே போய்விடும். கிருமி நுழைகிற இடுக்கில், அதை அழிக்க வரும், அதைவிடப் பத்து மடங்கு பெரிய இரத்த வெள்ளை அணுவால் நுழைய முடியாது. நூலுக்கு மெழுகோ சிலிக்கோனோ பூசுவது இதைக் குறைக்கத்தான். எலெக், கோனென் என்ற இருவர் 1957-இல் வெளியிட்ட ஆய்வில், தோலில் சீழ் பிடிக்கப் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி பல லட்சம் தேவைப்பட்டது. பட்டு நூல் இருந்த இடத்திலோ சில நூறே போதுமானதாக இருந்தது. ஆறிய தழும்பில் மாதங்கள் கழித்துச் சிறு துளை விழுந்து சீழ் கசிவதும் உண்டு. உள்ளே இருக்கும் முடிச்சை எடுத்தால்தான் அது மூடும்.

அப்படியானால் ஆய்வகத்தில் பட்டு கிருமியைக் கொன்றதாகச் சொல்வது எப்படி? பெரும்பாலும் கோளாறு கழுவுவதில் இருக்கிறது. பட்டுப்புழுவின் கூட்டில் இரண்டு புரதங்கள்: நடுவில் ஃபைப்ராயின், அதைச் சுற்றிப் பசையாக செரிசின். காஞ்சிபுரத்துப் பட்டிலும் சாயம் ஏற்றுவதற்கு முன் போக்குவது இந்தப் பசையைத்தான். மருத்துவத்துக்கு அதை இன்னும் கறாராகச் செய்ய வேண்டும். புழுவை நீக்கி நறுக்கிய கூடு 5 கிராம், தண்ணீர் 2 லிட்டர், சோடியம் கார்பனேட் என்ற காரம் 4.24 கிராம். கொதிநிலையில் 30 நிமிடம். அதற்குமேல் கொதித்தால் ஃபைப்ராயின் சங்கிலியே அறுந்து, பின்னால் செய்யும் படலம் நொறுங்கும். பிறகு சுத்தமான நீரில் மூன்று முறை, முறைக்கு 20 நிமிடம் அலச வேண்டும். காய்ந்தபின் எடை கால் பங்கு அளவு குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் பசை மிச்சம் இருக்கிறது. பிக்ரோகார்மைன் சாயத்தில் நனைத்தால் பசை உள்ள இழை சிவப்பாகும், சுத்தமான ஃபைப்ராயின் மஞ்சளாக நிற்கும். அலசலைச் சுருக்கினால் இழையில் தங்கிய காரம் கிருமியை வாட்டும். பெயர் பட்டுக்குப் போகும்! ஒழுங்காக அலசிய ஃபைப்ராயின் கிருமியைக் கொல்லும் பொருள் அல்ல என்றே நான் கொள்கிறேன்.

அதன் மதிப்பு வேறிடத்தில். மருந்தைச் சுமந்து மெல்ல விடுவதில் ஃபைப்ராயின் அபாரமானது. இழையை லித்தியம் புரோமைடு என்ற உப்பின் 9.3 மோலார் செறிவுள்ள கரைசலில் 60 டிகிரியில் நான்கு மணி நேரம் கரைத்து, சவ்வுப் பைக்குள் இட்டு, வெளி நீரை மாற்றிமாற்றி இரண்டு நாள் உப்பை வெளியேற்றினால் தெளிந்த கரைசல் கிடைக்கும். வேகமாகக் கலக்கக் கூடாது, கூழாக உறைந்துவிடும். அதில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சேர்த்துப் படலமாக்கலாம். வெள்ளி உப்பைக் கலந்து வெளிச்சத்தில் வைத்தால், ஃபைப்ராயினில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம் அதை நுண்துகளாக மாற்றும். கரைசல் மஞ்சள், பழுப்பு என்று நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

வெள்ளியின் அளவில்தான் கவனம் வேண்டும். கிருமியைக் கொல்லும் அளவுக்கும் காயத்தை ஆற்றும் செல்களைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி குறுகலானது. உப்புச்சத்தும் புரதமும் வெள்ளி அயனியைப் பிடித்து முடக்கிவிடும். அதனால் வெறும் நீரில் பிரமாதமாக வேலை செய்த படலம், காயத்தின் நிணநீரில் சோர்ந்துபோகலாம். சீரம் என்ற இரத்தத் தெளிநீர் கலந்த ஊடகத்திலும் சோதிக்காத முடிவை நம்ப வேண்டாம்.

கிருமி வளர்க்கும் அகார் தட்டில், படலத்தைச் சுற்றிக் கிருமி வளராமல் தெரியும் தெளிந்த வளையமும் ஏமாற்றும். வெளியே கசியும் மருந்துக்கு மட்டுமே வளையம் வரும். படலத்தோடு ஒட்டியே இருந்து, தொட்ட கிருமியைக் கொல்லும் பொருளுக்கு வளையம் வராது. ஆகவே உயிரோடு மிஞ்சிய கிருமிகளை எண்ணிப் பார்ப்பதே சரியான வழி. பக்கத்தில் மருந்தில்லாத பட்டுப் படலம் ஒன்றும், கடைசி அலசல் நீரும் ஒப்பீட்டுக்கு இருக்க வேண்டும்.

இன்னொன்று, மாதிரியை எத்திலீன் ஆக்சைடு வாயுவால் சுத்திகரித்திருந்தால், அந்த வாயு எஞ்சியிருந்தாலும் கிருமி சாகும். நன்றாகக் காற்றோட்டத்தில் வைத்து, வாயு வெளியேறியதை உறுதிசெய்த பிறகே தட்டில் வையுங்கள்.

நன்றி, வணக்கம்.