கரம்ஜா தீவில் முப்பது காசு

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பாம்பன் தெற்குவாடியில் பிறந்தவன். அப்பா நாட்டுப்படகில் தொழில் பார்த்தவர். அதனால் என்னைப் பேசக் கூப்பிட்டதும் கடலைப் பற்றித்தான் பேசுவேன் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். கடலும் வரும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருக்கும் தீவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் பெயர் கரம்ஜா.

2006-ஆம் வருஷம், பள்ளி விடுமுறை. ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய். அங்கே வரும் ஒரு அண்ணன் எனக்கு ரூன்ஸ்கேப் என்ற விளையாட்டைக் காட்டிக் கொடுத்தார். 2001-ல் இங்கிலாந்தில் தொடங்கிய விளையாட்டு. சிடி வேண்டாம், பணம் கட்ட வேண்டாம், பிரவுசரைத் திறந்தால் போதும். அதனால்தான் அது எங்கள் ஊர் வரைக்கும் வந்தது.

பெரியவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இந்த வகை விளையாட்டில் ஒரு பெரிய உலகம் இருக்கும். அதில் நீங்கள் ஒரு ஆள். மரம் வெட்டலாம், இரும்பு உருக்கலாம், மீன் பிடிக்கலாம், சண்டைக்குப் போகலாம். உங்களைச் சுற்றி நடமாடுகிறவர்களில் ரொம்பப் பேர் உங்களைப் போலவே எங்கேயோ ஒரு ஊரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள். நீங்கள் எழுந்து வீட்டுக்குப் போனாலும் அந்த உலகம் நடந்துகொண்டே இருக்கும்.

கரம்ஜாவுக்குப் போர்ட் சாரிம் என்ற துறைமுகத்திலிருந்து கப்பலில் போக வேண்டும். கட்டணம் 30 காசு. அங்கே சிங்கி இறால் பிடிக்கலாம் என்று கேள்விப்பட்டு, கையில் இருந்த காசைக் கொடுத்துக் கப்பல் ஏறிவிட்டேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, சிங்கி இறாலுக்கு மீன்பிடியில் 40-ஆவது லெவல் வேண்டும். நான் அதில் பாதிகூட வரவில்லை. திரும்பிப் போக இன்னொரு 30 காசும் இல்லை. துறையில் நின்று, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டேன். பலரும் கடந்து போனார்கள். ஒருவர் நின்றார். அவருக்கும் இங்கிலீஷ் சரியாக வராது போலிருக்கிறது. வாழை, பத்து, பெட்டி. இவ்வளவுதான் எழுதினார். அப்புறம் கொஞ்ச தூரம் நடந்து போய், நான் வருகிறேனா என்று நின்றார்.

துறைக்குப் பக்கத்திலேயே ஒரு வாழைத்தோட்டம். அதன் சொந்தக்காரரிடம் வேலை கேட்டு, பத்துப் பழம் பறித்துப் பெட்டியில் போட்டால் 30 காசு கூலி கிடைக்கும். சரியாக ஒரு கப்பல் கட்டணம். காசில்லாமல் இங்கே வந்து மாட்டிக்கொள்ளப் போகிறவனுக்கு ஊருக்குத் திரும்ப ஒரு வழி இருந்தது. ஆனால் அதை யாரும் அம்புக்குறி போட்டுக் காட்டவில்லை. தெரிந்தவர் ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

இருபது வருஷம் ஆகப் போகிறது, அந்த ஆள் தோட்டத்து வாசலில் நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய விளையாட்டுகளை விளையாடிவிட்டேன். கடல் அலை நிஜக் கடலைப் போலவே புரளும் விளையாட்டுகள். அவற்றில் அந்த மாயம் இல்லை. என் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இதையேதான் சொல்கிறார்கள். சின்ன வயசு, அதனால் எல்லாம் பெரிதாகத் தெரிந்தது என்று ஒரு பதில் உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. காரணம் அது மட்டும்தான் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இங்கேதான் அப்பா வருகிறார். ஜிபிஎஸ் கருவி வருவதற்கு முன்னால் அவர் பார்களைக் கண்டுபிடித்ததெல்லாம் கண் குறியில். கடலுக்கடியில் பாறை மேடு இருக்கும் இடத்தைத்தான் எங்கள் பக்கம் பார் என்போம். மீன் அங்கேதான் கூடும். கலங்கரை விளக்கம் எந்தப் பனைமரத்துக்கு நேராக வருகிறது, ரோட்டுப் பாலத்தின் எந்தத் தூண் குருசடைத் தீவின் முனையை மறைக்கிறது என்று இரண்டு கோடுகளை மனசில் பிடித்து, அவை வெட்டும் இடத்தில் நங்கூரம் போடுவார். இந்தக் குறிகளை யாரும் லேசில் வெளியே சொல்ல மாட்டார்கள். அப்பாவுக்குக் கல்யாணமான வருஷம் என் தாய்மாமா அவரைப் படகில் கூட்டிப் போய் ஒரு பாரின் குறியைக் காட்டிக் கொடுத்தாராம். சீர் செய்த மாதிரி. அந்தப் பாரை அப்பா இன்றைக்கும் "மச்சான் குடுத்த பாரு" என்றுதான் சொல்வார்.

இப்போது எல்லாப் பாரும் ஜிபிஎஸ் நம்பர்தான். ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், போனில் அனுப்புகிறார்கள். இதில் அப்பாவுக்கு வருத்தம் இருக்கும் என்று நினைத்து ஒரு நாள் கேட்டேன். "ஜிபிஎஸ் வந்த பொறகுதான்டா ஒங்கம்மா ராத்திரி தூங்குறா" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? 1964 புயலில் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த கரை இது. கடலில் வழி தெரியாமல் போனால் ஆள் திரும்பி வரமாட்டான். படகில் எத்தனை கருவி வைத்தாலும் நல்லதுதான்.

ஆனால் கரம்ஜாவில் வழி தெரியாமல் போனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கையில் இருப்பதில் கொஞ்சம் போகும், அரை மணி நேரம் போகும், அவ்வளவுதான். வழியைத் தேடுவதுதான் அங்கே வேலையே. படகுக்குச் செய்த அதே உதவியை விளையாட்டுக்கும் செய்தார்கள். இப்போது வரும் விளையாட்டுகளில் வரைபடத்தில் புள்ளி மின்னும், தரையில் கோடு ஓடும். சிலவற்றில் ஒரு பட்டனைத் தட்டினால் ஆள் தானாகவே நடந்து போய்விடுகிறான். யாரையும் கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியதில்லை என்றால் பக்கத்தில் நிற்கிறவனோடு பேசவும் காரணம் இல்லை.

எவர்குவெஸ்ட் என்று ஒரு விளையாட்டு, 1999-ல் அமெரிக்காவில் வந்தது. அது நம் ஊருக்கு வரவில்லை, நான் விளையாடியதும் இல்லை; பழைய ஆட்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த நாளில் அதில் ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்குப் போகக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். கப்பல் வரும்வரை துறையில் நிற்பவர்களுக்குப் பேசுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. செத்துப் போனால் உங்கள் உடல், வாள், கவசம் எல்லாம் விழுந்த இடத்திலேயே கிடக்கும்; வெறும் கையோடு போய் மீட்டு வர வேண்டும். ஆபத்தான குகை என்றால் துணைக்கு நாலு பேரைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டும். மந்திரம் போடுகிறவருக்குச் சக்தி தீர்ந்துவிட்டால் நிமிஷக் கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். கூட வந்தவர்களும் காத்திருப்பார்கள்.

கரைவலை இழுத்தவர்களுக்கு இது உடனே புரியும். வலையைக் கடலில் வளைத்துவிட்டு வந்த பிறகு, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று மணிக்கணக்கில் கயிறு இழுப்பார்கள். கை வேலை செய்யும், வாய் சும்மாதானே இருக்கும்? ஊரில் யார் வீட்டில் என்ன நடக்கிறது, யார் பெண்ணுக்கு எங்கே பேசுகிறார்கள், எல்லாம் அந்தக் கயிற்றோரம் தெரிந்துவிடும். பாட்டும் அங்கேதான். வலை நாலு நிமிஷத்தில் கரைக்கு வந்துவிட்டால் அந்தப் பாட்டு எங்கே இருந்து வரும்?

எவர்குவெஸ்டில் 2002-ல், எந்த ஊருக்கும் நொடியில் போகும்படி வாசல்கள் வைத்தார்கள். துறையில் கூட்டம் போய்விட்டது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இன்னொரு விளையாட்டு 2004-ல் வந்தபோது, குகைக்குப் போக ஐந்து பேரை நீங்களே கூவிக் கூவிச் சேர்க்க வேண்டும். யார் நல்லவன், யார் பொருளைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவன் என்று அந்த சர்வர், அதாவது விளையாட்டு உலகத்தின் அந்தத் தனிப் பிரதி, முழுக்கத் தெரிந்திருக்கும். 2009 டிசம்பரில், ஆள் சேர்த்துக் கொடுக்கும் வசதி வந்தது. பட்டனைத் தட்டினால் வெவ்வேறு சர்வர்களிலிருந்து ஐந்து பேர் சேர்ந்து நேராகக் குகைக்குள் நிற்பார்கள். முடிந்ததும் கலைந்துவிடுவார்கள், மறுபடி பார்க்கப் போவதில்லை. நேரம் மிச்சம்தான், மறுக்கவில்லை. இதே வசதியுள்ள வேறொரு விளையாட்டில் நான் இரண்டு வாரம் இருந்து பார்த்தேன். ஒருவர்கூட வணக்கம் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

ரூன்ஸ்கேப்பிலும் இது நடந்தது. 2007 நவம்பர் வரை பிடித்த மீனை விற்க வேண்டும் என்றால், வராக் நகரத்து வங்கி வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று விலை கூவ வேண்டும், நம் ஏலக் கூடம் மாதிரியே. பிறகு ஒரு சந்தை கட்டினார்கள். பொருளைப் போட்டுவிட்டுப் போனால் யார் வாங்கினார் என்றுகூடத் தெரியாமல் காசு வந்துவிடும். அடுத்த வருஷத் தொடக்கத்தில், ஒருவர் இன்னொருவருக்கு ஈடாக எதுவும் வாங்காமல் பொருள் கொடுப்பதையே கட்டுப்படுத்தினார்கள். விளையாட்டுக் காசை வெளியே நிஜப் பணத்துக்கு விற்கும் கும்பல்கள் பெருகிவிட்டன. அதைத் தடுக்க வேறு வழி தெரியவில்லை என்று எடுத்த முடிவு. காரணம் நியாயமானதுதான். ஆனால் புதிதாக வந்த பையனுக்கு ஒரு நல்ல வாளைச் சும்மா கொடுத்துவிட்டுப் போக முடியாது என்றால் அந்த ஊர் எப்படி ஊராக இருக்கும்? 2011 பிப்ரவரியில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள்.

ஏமாற்றுக்காரர்களும் இருந்தார்கள். கவசத்துக்கு அழகாகக் கரை போட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிற ஆட்கள். நானும் ஒரு கவசத்தைப் பறிகொடுத்தேன். ஒருவனை நம்பலாமா வேண்டாமா என்று யோசிக்க வேண்டியிருந்ததால்தான் நம்பிக் கொடுத்ததை ஒருவர் திருப்பிக் கொடுத்தபோது நெஞ்சு நிறைந்தது. இரண்டும் சேர்ந்தே வரும்.

விளையாட்டைச் செய்கிறவர்களை மட்டும் சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விட முடியாது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ராக்னரோஸ் என்று ஒரு நெருப்பு அரக்கன். 2004 நவம்பரில் விளையாட்டு வந்தது. அவனை முதலில் வீழ்த்தியது அடுத்த வருஷம் ஏப்ரலில். 2019-ல் அதே பழைய விளையாட்டைப் பழைய வடிவிலேயே மறுபடி திறந்தபோது, ஒரு வாரம் முடிவதற்குள் அவனை முடித்துவிட்டார்கள். அதே மலை, அதே அரக்கன். எது எங்கே, எதை எப்படி என்று எல்லாம் படித்து மனப்பாடம் செய்துவிட்டு உள்ளே வந்தார்கள். நாங்களும் அப்படித்தான் ஆகிவிட்டோம். தெரிந்ததைத் தெரியாததாக்க முடியாது.

ஆனால் ஒரு விஷயத்தை இன்னும் தெரியாதவர் இருந்தால்? என் அக்கா மகனுக்குப் பதினைந்து வயது. போனில் பத்து நிமிஷச் சண்டை விளையாட்டுகள் ஆடுகிறவன். ரூன்ஸ்கேப்பின் 2007 வடிவத்தை, ஆட்களின் வாக்கைக் கேட்டு 2013-ல் மறுபடி திறந்தார்கள். 2018 முதல் அது போனிலும் வருகிறது. போன மாதம் அவன் போனில் அதைப் போட்டுக் கொடுத்தேன். ஒரே ஒரு நிபந்தனை, யூடியூபில் தேடக் கூடாது. யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், உள்ளே இருக்கிறவர்களிடம். முதல் வாரம் சலித்துக்கொண்டான். பிறகு யாரோ ஒரு ஆள் தனக்கு நெருப்பு மூட்டக் கற்றுக் கொடுத்ததாகச் சாப்பிடும்போது சொன்னான். எந்த நாட்டுக்காரர் என்று தெரியவில்லையாம், ஆனால் அவர் ஊரில் அப்போது பனி பெய்துகொண்டிருந்ததாம்.

நேற்று ராத்திரி போன் பண்ணினான்.

"மாமா, கப்பல்ல கரம்ஜாவுக்கு வந்துட்டேன். திரும்பிப் போகக் காசு இல்ல."

"சரி."

"என்ன சரி? என்ன பண்றது?"

துறையில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று கேட்டேன். மூன்று பேர் நிற்கிறார்கள் என்றான். அப்படியே போனை வைத்துவிட்டேன்.

வணக்கம்.