மூஞ்சியப் பாத்தாலே தெரியுமாம்!

நடுவருக்கும் சபைக்கும் வணக்கம், மத்த வணக்கமெல்லாம் முன்னாடி பேசுனவங்களே வச்சிட்டாங்க, டைம் கம்மி.

சந்தோஷத்தை அளக்க முடியுமா முடியாதா? நான் முடியும் கட்சி. எங்க சாட்சி எட் டீனர், அமெரிக்க சைக்காலஜிஸ்ட், சந்தோஷ ஆராய்ச்சிக்கு முன்னோடி. உடனே எதிரணி அண்ணன் என்ன சொன்னாரு? "அஞ்சு கேள்வி கேட்டு அளந்தாராம், ஆளு மூஞ்சியப் பாத்தாலே தெரியாதாய்யா"ன்னாரு. நீங்களும் கை தட்டுனீங்க, பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.

அண்ணே, இந்த டயலாக்க 1960கள்லயே ஒரு வாத்தியார் பேசிட்டாரு! டீனர் கலிபோர்னியாவுல விவசாயி வீட்டுப் புள்ள. காலேஜ்ல ப்ராஜெக்ட் பண்ணணும், வீட்டுப் பண்ணைக்கு வேலைக்கு வர்றவங்களப் பாத்தே வளந்தவரு, அவங்க சந்தோஷமா இருக்காங்களான்னு ஆராயறேன்னு போய் நிக்கிறாரு. புரொபசர் கூடவே கூடாதுன்னுட்டாரு. ரெண்டு காரணம். ஒண்ணு, பண்ணைத் தொழிலாளிங்க சந்தோஷமா இல்லைன்னு எனக்கே தெரியும். ரெண்டு, சந்தோஷத்தை அளக்கவே முடியாது.

இருங்க இருங்க, இன்னொரு தடவை சொல்றேன். அளக்கவே முடியாதாம், ஆனா அவங்களுக்கு அது இல்லைன்னு மட்டும் இவருக்குத் தெரியுமாம்! எதை வச்சு? மூஞ்சியப் பாத்துதான்! அண்ணே, உங்க குருநாதர் கிடைச்சிட்டாரு.

பையன் சண்டை போட்டாரா? இல்ல. சரிங்க சார்னு வேற தலைப்பு எடுத்தாரு. என்ன தலைப்பு தெரியுமா? ஊரோட ஒத்துப்போறது எப்படி! ப்ராக்டிகல் அந்த ரூம்லயே முடிஞ்சிருச்சு, தியரிதான் பாக்கி.

அப்புறம் இல்லினாய் யுனிவர்சிட்டியில வேலை நிரந்தரமானப்பறம்தான் பழைய ஆசையைத் தொட்டாரு. 1985ல அண்ணன் சொன்ன அந்த அஞ்சு கேள்வி வந்துது, கேள்வின்னாலும் நம்ம வாழ்க்கையப் பத்தி அஞ்சு வரிதான், ஒவ்வொண்ணையும் எவ்வளவு ஒத்துக்கிறோம்னு 1லேருந்து 7 வரைக்கும் நாமளே மார்க் போடணும், கூட்டுனா 5லேருந்து 35க்குள்ள நிக்கும், அவ்ளோதான். இதைத்தான் அண்ணன் கிண்டல் பண்றாரு. வயித்துவலின்னு போனா டாக்டர் எங்க வலிக்குதுன்னு கேக்குறாரா, இல்ல மூஞ்சியப் பாத்துட்டு கத்திய எடுக்குறாரா?

டீனரும் அவரு மகன் ராபர்ட்டும் சேந்து கொல்கத்தாவுல குடிசையில இருக்கவங்க, நடைபாதையில படுக்குறவங்க பத்தி 2001ல எழுதுனாங்க. மொத்தமா வாழ்க்கை எப்படின்னு கேட்டா கொஞ்சம் அதிருப்திதான், நான் மறைக்கல. ஆனா சொந்தபந்தம் எப்படி, நீ எப்படிப்பட்ட ஆளுன்னு தனித்தனியா கேட்டா திருப்திப் பக்கம் சாயுது. இது எந்த மூஞ்சியில எழுதியிருந்துச்சு?

அந்த அஞ்சுல கடைசி வரி மட்டும் சொல்லிடறேன். திரும்ப ஒருதரம் வாழ முடிஞ்சாலும் அனேகமா எதையும் மாத்த மாட்டேன், இதுக்கு ஒத்துக்கிறீங்களா இல்லையா.

உங்க அம்மாகிட்ட இதைக் கேட்டிருக்கீங்களா? நல்லாத்தான் இருக்காங்க, சிரிச்சிட்டுதான் இருக்காங்கன்னு நாமளே ஏழுக்கு ஏழு போட்டுட்டுப் போயிடறோம். அவங்க பாதியில விட்ட படிப்பு, யாருக்காகவோ வேணாம்னு ஒதுக்குன வேலை... கேட்டா என்ன சொல்வாங்களோன்னு பயம்யா நமக்கு. எனக்கும்தான்.

மணி அடிச்சிட்டீங்க நடுவர் அவர்களே, தீர்ப்பு மெதுவா சொல்லுங்க. அதுக்குள்ள அண்ணன் வெளிய போய் வீட்டுக்கு ஒரு போன் போட்டு அம்மாகிட்ட அந்த அஞ்சாவது வரியக் கேட்டுட்டு வரட்டும், நான் உக்காந்துக்கிறேன்.